ஓடுகிற பெட்டியைத் தொடலாமா: கன்ட்ரோல் ரூம் குறிப்புகள்

பெட்டியில் இப்போது இருப்பது 6.42.7. 2018 ஆகஸ்டில் வந்த பதிப்பு. கீழ்பென்னாத்தூர் பேரூராட்சியிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றிலும் எங்கள் கேபிளில் நெட் வாங்கும் அத்தனை வீட்டுக்கும் இந்த ஒரு மைக்ரோடிக் ரவுட்டர்தான் வழி. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வரும் ஃபைபர் இதில் இறங்குகிறது. இதிலிருந்து ஓஎல்டி, அங்கிருந்து தெருத்தெருவாகப் பிரிந்து வீடு. வீட்டு ரவுட்டரை ஆன் செய்ததும் அது பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி அனுமதி கேட்பது இந்தப் பெட்டியிடம்தான். பணம் கட்டாத லைனை நிறுத்துவதும், கட்டியதும் திறந்துவிடுவதும் இதுவே.

6.49-க்கு ஏற்றுவதா, ஒரேயடியாக 7-க்குப் போவதா, இப்படியே விட்டுவிடுவதா? மழைக்காலம் தொடங்குவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். மனசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஆகாது என்று இந்த நோட்டில் எழுதுகிறேன்.

*

தடை ரவுட்டரில் இல்லை, பில்லிங் சாஃப்ட்வேரில் இருக்கிறது.

கலெக்‌ஷனுக்குப் போகும் தம்பி ஒரு வீட்டில் பணம் வாங்கிப் போனில் பதிவு போட்டதும், பில்லிங் சாஃப்ட்வேர் ரவுட்டரின் 8728-ஆம் போர்ட்டில், ஏபிஐ வழியாக, உள்ளே நுழைந்து அந்த வீட்டுக் கணக்கைத் திறந்துவிடும். இப்படி நுழைய இரண்டு முறைகள் இருந்தன. பழைய முறையில் ரவுட்டர் முதலில் ஒரு தற்காலிக எண்ணைக் கொடுக்கும். உள்ளே வர நினைப்பவர் பாஸ்வேர்டையும் அந்த எண்ணையும் சேர்த்து எம்டி5 கணக்குப் போட்டு விடையைத் திருப்பித் தர வேண்டும். புதிய முறையில் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே போகும். 6.43-இல் புதிய முறை வந்தது. அடுத்த சில பதிப்புகள் இரண்டையும் ஏற்றன. 2019 ஜூன் 27 அன்று வந்த 6.45.1-இல் பழைய முறையை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பில்லிங்குக்குப் பழைய முறை மட்டும்தான் தெரியும். எழுதிக் கொடுத்தவர் இப்போது அந்தத் தொழிலில் இல்லை. மூல நிரல் எங்களிடம் இல்லை. இன்று ராத்திரி 6.49 ஏற்றினால், நாளைக் காலையில் பணம் கட்டுபவரின் லைன் தானாகத் திறக்காது. ஒவ்வொன்றையும் மைக்ரோடிக்கின் நிர்வாக நிரலான வின்பாக்ஸில் நான் கையால் திறந்துவிட வேண்டும். மாத முதல் வாரத்தில் அது நடக்கிற காரியமா?

*

அண்ணனிடம் பேசினேன். கேபிள் தொழிலில் ஊறியவர், டிஷ் ஆன்டெனா காலத்திலிருந்து.

"ஓடிக்கிட்டு இருக்கறத ஏம்பா தொடணும்? ஒரு ராத்திரி நெட்டு நின்னா விடிஞ்சதும் வாசல்ல வந்து நிப்பாங்க. நீ உள்ள உக்காந்துக்குவ. பதில் சொல்றது நானு."

"நாம நிறுத்தினா எப்ப திரும்ப வரும்னு நாம சொல்லலாம்ணே. வெளியிலேர்ந்து ஒருத்தன் நிறுத்திட்டா, எப்ப வரும்னு நமக்கே தெரியாது."

அவர் பதில் சொல்லவில்லை. டீ சொன்னார். ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. அவருடைய பயம் நியாயமானதுதான். இந்த ஊரில் அவர் பெயர்தான் கடை. லைன் நின்றால் ஜனங்கள் மைக்ரோடிக்கைத் திட்டமாட்டார்கள், அவரைத்தான் திட்டுவார்கள்.

*

2018-இல் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சிவிஇ-2018-14847. வின்பாக்ஸ் பேசும் 8291-ஆம் போர்ட்டில் இருந்த ஓட்டை. பாஸ்வேர்டு எதுவும் இல்லாமலே ரவுட்டருக்குள் இருக்கும் கோப்புகளை வெளியிலிருந்து படிக்க முடிந்தது. படிக்க முடிந்த கோப்புகளில் ஒன்று, பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் இருந்த கோப்பு. லாட்வியாவிலிருக்கும் மைக்ரோடிக் நிறுவனம் ஏப்ரல் 23-ஆம் தேதியே 6.42.1-ஐ வெளியிட்டு ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் ஆகஸ்டில் பிரேசிலில் தொடங்கி உலகம் முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மைக்ரோடிக் ரவுட்டர்கள் பிடிபட்டன. அந்த ரவுட்டர்கள் வழியாக இணையம் பார்த்தவர்களின் கம்ப்யூட்டரில், அவர்களுக்கே தெரியாமல், காயின்ஹைவ் என்ற நிரல் கிரிப்டோ நாணயம் தோண்டியது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான பெட்டிகள் மாட்டின. மருந்து ஏப்ரலில் தயார். நோய் பரவியது ஆகஸ்டில். நடுவில் இருந்த மூன்று சொச்சம் மாதம் முழுக்க, எங்களைப் போன்ற சின்ன ஊர் ஆபரேட்டர்கள் அப்டேட் போடாமல் கழித்த காலம்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்தக் கோப்பில் பாஸ்வேர்டு திரும்ப எடுக்கக்கூடிய வடிவில்தான் கிடந்தது. மறைத்த மாதிரி இருக்கும், ஆனால் வழி தெரிந்தவனுக்கு ஒரு நொடி வேலை. ஏன் அப்படி வைத்திருந்தார்கள் என்று பார்த்தால், எங்கள் பில்லிங் பிடித்துக்கொண்டிருக்கிற அதே பழைய நுழைவு முறைதான் வந்து நிற்கிறது. ரவுட்டர் தானும் எம்டி5 கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டுமானால், அசல் பாஸ்வேர்டு அதன் கையில் இருந்தாக வேண்டும். 6.43-இல் பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாத வடிவுக்கு மாற்றத் தொடங்கினார்கள், 6.45.1-இல் பழைய சேமிப்பையே துடைத்தார்கள். பழைய முறை கூடவே போனது.

ஆக, பில்லிங் ஓட வேண்டும் என்பதற்காக நான் 6.42.7-இல் நிற்பது, சாவியை நிலைப்படி மேலேயே வைத்திருப்பது போலத்தான். ஒத்துப்போகும் தன்மை என்று நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்தப் பலவீனத்தைத்தான்.

*

பில்லிங் பயன்படுத்தும் ரவுட்டர் கணக்கின் பாஸ்வேர்டு அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் மாற்ற இடமே கிடையாது. அப்படியானால் 2018 ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் இருந்த அதே பாஸ்வேர்டுதான் இன்றும்.

2021 செப்டம்பரில் மேரிஸ் என்று ஒரு பாட்நெட் பெரிதாக அடிபட்டது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் மீது நொடிக்கு 2 கோடியே 18 லட்சம் கோரிக்கைகள் வரை வீசியது. அதில் பெரும்பங்கு மைக்ரோடிக் பெட்டிகள். புதிதாக ஓட்டை எதுவும் இல்லை, 2018-இல் பிடிபட்ட அதே ரவுட்டர்கள்தான் என்று நிறுவனம் சொன்னது. அப்டேட் போட்டிருக்கிறார்கள், ஆனால் பாஸ்வேர்டை மாற்றவில்லை. அன்றைக்கு எடுத்துவைத்த பாஸ்வேர்டோடு மூன்று வருஷம் கழித்து நேராக வாசல் வழியாகவே உள்ளே வந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் என் மனசு ஒரு பக்கம் சாய்ந்தது. பதிப்பு பழையது என்பதைக்கூட ஃபயர்வாலால் ஓரளவு சமாளிக்கலாம். மாற்றவே முடியாத பாஸ்வேர்டை எதைக்கொண்டு சமாளிப்பது?

*

அதே 2018 அக்டோபரில் வந்த ஒரு செய்தி. ரஷ்ய மொழி பேசும் ஒருவர், யாரும் கேட்காமலே, ஓட்டையுள்ள மைக்ரோடிக் ரவுட்டர்களுக்குள் நுழைந்து ஃபயர்வால் விதி போட்டு மூடிவிட்டுப் போனார். 1 லட்சத்துக்கும் மேல் மூடியதாகச் சொன்னார். உள்ளே ஒரு குறிப்பும் விட்டுவைத்தார். பதில் எழுதியவர்கள் 50 பேர்போல, அதிலும் பலர் கோபப்பட்டவர்கள்.

கோபப்பட்டவர்களையாவது புரிந்துகொள்ள முடிகிறது. பதிலே எழுதாத மற்றவர்கள் தங்கள் பெட்டியை அதற்கு முன்பும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், அதற்குப் பிறகும் பார்த்திருக்க மாட்டார்கள்.

*

"ஃபயர்வால் போட்டா போதாதா?" இது லைன்மேன் கேட்டது. நல்ல கேள்வி.

போட வேண்டியதை முதலில் போட்டுவிடுவோம். டெல்நெட், எஃப்டிபி, வெப் பக்கம் மூன்றும் நிறுத்தம். வின்பாக்ஸும் ஏபிஐயும் கன்ட்ரோல் ரூமின் தனி விலானிலிருந்து மட்டும். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது எல்லோருக்கும் நினைவு வரும். உள்ளிருந்து வருவது பலருக்கு நினைவு வராது. ஒரு வீட்டுப் பையன் விளையாட்டுக்கு என்று இறக்கிய ஏதோ ஒன்றின் வழியாக அவன் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால், அது எங்கள் பெட்டியைத் தொடுவது வாடிக்கையாளர் பக்கத்திலிருந்துதான். வீடுகள் எங்களிடம் நுழையும் பிபிபிஓஇ இணைப்பு வழியாக வரும் எதுவும் ரவுட்டரின் நிர்வாகப் போர்ட்டைத் தொடக்கூடாது என்று ஒரு விதி வேண்டும்.

இதெல்லாம் அவகாசம் வாங்கித்தரும். அதற்கு மேல் இல்லை. 2023 ஜூலையில் பெரிதாகப் பேசப்பட்ட சிவிஇ-2023-30799, சாதாரண அட்மின் கணக்கு கையில் இருந்தால் அதற்கும் மேலான அதிகாரத்துக்கு ஏறவிடுகிறது. அதற்கான அடைப்பு 6.49.7-இல் இருக்கிறது. 6.42-இல் என்றைக்கும் வராது.

*

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். அப்டேட் போட்டதால் விழுந்த கதைகள் குறைவில்லை.

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

என் வேலைக்கு அதைவிடப் பக்கத்தில் நிற்பது கனடாவின் ரோஜர்ஸ். 2022 ஜூலை 8, விடியற்காலை. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு நெட், போன் எல்லாம் போயிற்று. தமிழர்கள் நிறைந்த டொரன்டோவும் அதில் அடக்கம். டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. பலருக்கு 911 அவசர அழைப்புகூடப் போகவில்லை. மையப் பின்னலை ஏழு கட்டமாக மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள், விழுந்தது ஆறாம் கட்டத்தில். வழித்தடங்களை வடிகட்டும் ஒரு விதியை எடுத்ததும் கணக்கற்ற வழிகள் மைய ரவுட்டர்களுக்குள் வெள்ளமாய்ப் பாய்ந்து அவற்றை முடக்கின.

இதில் இரண்டு விஷயத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒன்று, முதல் ஐந்து கட்டம் சுமுகமாகப் போனதால் ஆறாம் கட்டத்துக்கு ஆபத்துக் குறைவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். நானும் தெருத்தெருவாக மாற்றத்தான் நினைக்கிறேன்; அப்போது எனக்கும் இந்த நினைப்பு வரும். நாலு தெரு சரியாகப் போனதும் ஐந்தாவதைப் பகலிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யக்கூடாது. கடைசித் தெருவுக்கும் முதல் தெருவுக்கு எடுத்த அதே அக்கறை.

இரண்டு, சரிசெய்ய வேண்டியவர்களின் போனே அதே நிறுவனத்தின் லைனில் இருந்தது. ஒருவரை ஒருவர் கூப்பிட முடியவில்லை. வேறு நிறுவன சிம் தேடிப் பேச வேண்டியிருந்தது. எங்கள் கன்ட்ரோல் ரூமில் நான் கையேடு படிப்பது, ஃபைல் இறக்குவது, லைன்மேனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்வது எல்லாம் நாங்களே கொடுக்கும் வைஃபையில். அப்டேட் போடும் ராத்திரி வேறு கம்பெனி சிம் போட்ட போன் ஒன்று மேசையில் இருக்க வேண்டும். தேவையான பேக்கேஜ் ஃபைல் எல்லாம் முன்னாலேயே லேப்டாப்பில் இருக்க வேண்டும். கையேட்டின் அந்தப் பக்கங்களைப் பிரின்ட் எடுத்து வைத்துவிடலாம்.

*

சரி, 7-க்கே போனால்?

7.1 நிலையான பதிப்பாக வந்தது 2021 டிசம்பரில். உள்ளே லினக்ஸ் 3.3.5-லிருந்து 5.6.3-க்குத் தாவியிருக்கிறார்கள். பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் எல்லாம் புதிதாக எழுதியது. ரவுட்டிங் ஃபில்டர் எழுதும் மொழியே மாறிவிட்டது. யூசர் மேனேஜர் முழுக்க வேறு. வயர்கார்டு வந்திருக்கிறது. பெரிய நெட்வொர்க் நடத்துபவர்களுக்கு அருமையான வரிசை, அதில் சந்தேகமில்லை.

எங்களுக்கு என்ன லாபம்? நாங்கள் பிஜிபி ஓட்டவில்லை. மேலிருந்து ஒரு விலானில் ஐபி வருகிறது, கீழே பிபிபிஓஇ கொடுக்கிறோம், நடுவில் நேட், வேகக் கட்டுப்பாடு, லாக். 7 தரும் பெரிய வசதிகளில் ஒன்றும் எங்கள் பாதையில் இல்லை. அது கேட்கும் மாற்றங்கள் மட்டும் இருக்கின்றன. லினக்ஸ் 3.6-இல் ரூட் கேச் எடுக்கப்பட்டதால், 7-இல் சில பெட்டிகளின் வேகக் கணக்கே மாறுகிறது. மாலை 7 மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும்போது எங்கள் பெட்டி எப்படி நிற்கும் என்பதை மேசையில் வைத்துச் சோதித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

6 வரிசைக்கு இனிப் புதிய வசதிகள் வராது என்பது தெரியும். 7-க்குப் போகத்தான் வேண்டும். ஆனால் ஒரே ராத்திரியில் இரண்டு படி ஏறி, கோளாறு வந்தால் அது எந்தப் படியில் வந்தது என்று தெரியாமல் நிற்பது வேண்டாம். 6.49-இன் கடைசிப் பதிப்பு. அதில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும்.

கன்ட்ரோல் ரூமின் சொந்த வைஃபைக்கு இருக்கும் ஹேப் லைட்டில் 7 பற்றி யோசிக்கவே வேண்டாம். 16 எம்பி சேமிப்பு, 32 எம்பி ரேம். இடம் போதாமல் பாதியில் நின்றால் நெட்இன்ஸ்டால் போட்டுத்தான் எழுப்ப வேண்டும்.

*

6.44.6 என்று ஒரு ஆசை காட்டும் வழி இருக்கிறது. 2019 அக்டோபரில் வந்தது. பழைய நுழைவு முறை அதில் இன்னும் உயிரோடு இருக்கும், பில்லிங் கைவைக்காமல் ஓடும். 2018 ஓட்டைகளும் 2019-இல் கண்டுபிடித்தவையும் அடைத்தாகிவிட்டது.

வேண்டாம் என்றே தோன்றுகிறது. 2023-இல் வந்தது அடைபடவில்லை. மாற்ற முடியாத பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அப்டேட் போட்டாயிற்று என்ற நிம்மதி வந்துவிடும், அந்த நிம்மதியில் இன்னும் நாலு வருஷம் ஓடிவிடும்.

*

திரும்பி வரும் வழி. இதை எல்லோரும் சுலபமாக நினைக்கிறார்கள்: சரிப்படவில்லை என்றால் பழைய பதிப்பைப் போட்டுவிடலாம்.

6.45.1-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதிலிருந்து 6.43-க்கு முந்தைய எதற்கு இறங்கினாலும் பயனர் பாஸ்வேர்டுகள் எல்லாம் அழிந்துவிடும், பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் உள்ளே வரலாம். ராத்திரி 3 மணிக்குத் தூக்கக் கண்ணோடு 6.42.7-க்கு இறக்கினால், பொது ஐபியில் பெட்டி பூட்டில்லாமல் நிற்கும். வலைவீசித் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்களுக்கு ஓரிரு நிமிடம் போதும்.

அதனால்: இறக்க வேண்டி வந்தால் முதலில் மேலிருந்து வரும் ஃபைபரைக் கையால் உருவு. பிறகு இறக்கு. பாஸ்வேர்டு போடு. பிறகுதான் ஃபைபர். பெட்டியின் மேலேயே மார்க்கரில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அதைவிட நல்லது இறக்காமலே இருப்பது. பழைய அமைப்போடு இன்னொரு பெட்டி பக்கத்தில் தயாராக இருந்தால், கேபிளை மாற்றிச் செருகினால் போதும். அமைப்பை எக்ஸ்போர்ட் எடுத்தால் படிக்கக்கூடிய எழுத்தாக வரும், வேறு மாடலிலும் திருத்திப் போடலாம். பேக்கப் ஃபைல் அதே மாடலுக்குத்தான் நம்பிக்கை. இரண்டும் எடுத்து, பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். பேக்கேஜ் இறக்கும்போது சிப் வகை கவனம்: பெரிய பெட்டிக்கு டைல், மேசைமேல் சோதனைக்கு வைத்திருக்கும் ஹெக்ஸுக்கு எம்எம்ஐபிஎஸ்.

*

பில்லிங்குக்கு என்ன வழி என்பதில்தான் அதிக நாள் போயிற்று.

முதலில் தோன்றியது: நடுவில் ஒரு சின்ன நிரல். பில்லிங்கிடம் பழைய முறையில் பேசும், ரவுட்டரிடம் புதிய முறையில் பேசும். எழுதிவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் இறந்துபோன ஒரு சாஃப்ட்வேருக்கு முட்டுக்கொடுத்து, அந்த முட்டையும் நானே காலமெல்லாம் பராமரிக்க வேண்டும்.

இரண்டாவது: பில்லிங் ரவுட்டருக்குள் நுழைவதையே நிறுத்துவது. ரேடியஸ். வீட்டு ரவுட்டர் அனுமதி கேட்கும்போது எங்கள் பெட்டி தானே முடிவெடுக்காமல் ரேடியஸ் சர்வரைக் கேட்கும். ஃப்ரீரேடியஸ் இலவசம். நெறிமுறை 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2865. பிபிபிஓஇ அதற்கும் ஒரு வருஷம் மூத்தது, ஆர்எஃப்சி 2516. இந்த இரண்டும் 6.42-இலும் ஓடும், 6.49-இலும் ஓடும், 7-இலும் ஓடும். நாளைக்கு அண்ணன் வேறு கம்பெனி ரவுட்டர் வாங்கினாலும் ஓடும். எல்லோருக்கும் பொதுவான நெறிமுறையில் நின்றிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. ஒரு கம்பெனியின் தனிக் கதவை நம்பிய இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

பழைய பில்லிங்கின் திரை அப்படியே இருக்கட்டும். கலெக்‌ஷன் தம்பிக்கு அது பழகிவிட்டது, அண்ணனுக்கும் கணக்குப் பார்க்க அதுதான் வசதி. அது தன் மைஎஸ்க்யூஎல் அட்டவணையில் யார் கட்டினார்கள் என்று எழுதுகிறது. அதைப் படித்து ரேடியஸ் அட்டவணையில் ஏற்றும் நிரல் ஒன்று போதும். ரவுட்டருக்குள் நுழையும் அதன் கையை மட்டும் வெட்டுகிறோம். அந்தக் கணக்கையும் அதன் 2018 பாஸ்வேர்டையும் அன்றைக்கே அழித்துவிடலாம்.

கட்டாதவரை உடனே துண்டிக்க ஆர்எஃப்சி 5176 இருக்கிறது, போர்ட் 3799. சோதனைப் பெட்டியில் வேலை செய்கிறது.

*

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். மைக்ரோடிக் முதலில் தன் சொந்தப் பட்டியலில் பெயரைத் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் ரேடியஸைக் கேட்கும். ஆகவே ஒரே ராத்திரியில் ஊரையே மாற்ற வேண்டியதில்லை. முதலில் எங்கள் வீட்டுத் தெரு. அந்தப் பெயர்களை ரவுட்டர் பட்டியலிலிருந்து நிறுத்தினால், அடுத்த முறை அந்த வீடுகள் ரேடியஸ் வழியாக வரும். கோளாறு என்றால் பெயரைத் திரும்பப் போட்டால் போதும். பிறகு அவலூர்பேட்டை ரோடு, வேட்டவலம் ரோடு, பஸ் ஸ்டாண்டுச் சுற்று, கடைசியில் கிராமங்கள். பதிப்பு இன்னும் 6.42.7-ஆகவே இருக்கும்போது இதெல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு 6.49 ஏற்றுவது வெறும் ஒரு ரீபூட்.

சரியாகச் சொன்னால் இரண்டு. பதிப்பு ஏறிய பிறகு ரவுட்டர்போர்டு ஃபர்ம்வேரைத் தனியாக ஏற்றி இன்னொரு முறை ரீபூட்.

*

கவனம்: ரேடியஸுக்கு மைக்ரோடிக் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 300 மில்லிநொடி. ஒன்றிரண்டு வீடு வரும்போது தாராளம். ரீபூட் முடிந்து ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கதவு தட்டும்போது, பழைய ஹார்டு டிஸ்கில் ஓடும் சர்வர் 300-க்குள் பதில் சொல்லாது. பதில் வராத வீடு மறுபடி கேட்கும், கூட்டம் இன்னும் ஏறும். 3 நொடியாக்கி வைக்க வேண்டும்.

ரேடியஸ் விழுந்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, புதிதாக வருபவர்கள்தான் நிற்பார்கள். கரண்ட் போய்வந்தால் எல்லோருமே புதிதாக வருபவர்கள். இரண்டாவது சர்வர் ஆடம்பரம் இல்லை.

*

என்றைக்கு?

பௌர்ணமி கூடாது. செஞ்சி பக்கமிருந்து கிரிவலத்துக்குப் போகும் பஸ்ஸெல்லாம் விடிய விடிய இந்த வழிதான், ஊரே விழித்திருக்கும். 1-ஆம் தேதியிலிருந்து 10 வரை கலெக்‌ஷன், தொடக்கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்ட் நிறுத்தும் நாளும் அதற்கு முந்தைய ராத்திரியும் கூடாது. யுபிஎஸ் பேட்டரி முழுதாக இருக்க வேண்டும், ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டியே போய்விடும். மே மாதம் தேர்வு முடிவுகள், அதன் பின்னால் பொறியியல் கலந்தாய்வு. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் கடைசி நாளில் ஒரு வீட்டில் நெட் இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? அது ஒரு ராத்திரி நஷ்டம் இல்லை.

கார்த்திகை மாதம் அறவே கூடாது. தீபத்துக்கு ஆட்கள் எல்லாம் மலையடிவாரத்தில் இருப்பார்கள். அதோடு மழை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு சரிந்து 7 பேர் மண்ணில் புதைந்தார்கள். அப்படியொரு நாளில் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் வீடியோ காலில் கூப்பிடும்போது, அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நாங்கள் சொல்லக்கூடாது.

மீதி இருப்பது ஆடி, ஆவணியில், மாதத்தின் பின்பாதியில் வரும் சில ராத்திரிகள். செவ்வாய் அல்லது புதன். 1 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள். மல்லாட்டை பிடுங்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன் எழுந்து போனைப் பார்ப்பார்கள்.

*

ராத்திரியில் யாருக்கு வேண்டும் என்று சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது. 2020 ஊரடங்கில் ஊருக்குத் திரும்பி, இங்கிருந்தே அமெரிக்க ஷிஃப்ட் பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 1 மணி என்பது வேலை நேரம். தனியாகப் போன் போட்டு, ஒரு வாரம் முன்னாலேயே சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் குரூப்பிலும் லோக்கல் சேனலின் கீழே ஓடும் எழுத்திலும். "பராமரிப்புப் பணி" என்று மட்டும் போடாமல், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, காலையில் வரவில்லை என்றால் வீட்டு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும், அப்போதும் வராவிட்டால் எந்த எண்ணுக்கு என்று முழுதாக.

*

வீட்டு ரவுட்டர்கள் தனிக் கதை. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஏராளமாக முடங்கின, கர்நாடகத்தில் அதிகம். கடையில் வந்தபடி அட்மின், அட்மின் என்றே பாஸ்வேர்டை விட்டுவைத்த மோடம்களைத் தேடிப் பிடித்த மால்வேர் அது. இங்கேயும் பாதி வீட்டில் அப்படித்தான் இருக்கும். லைன்மேன் அடுத்து எந்த வீட்டுக்குப் போனாலும் அதை மாற்றிவிட்டு வர வேண்டும், புதிய பாஸ்வேர்டை ரவுட்டரின் அடியில் எழுதி ஒட்ட வேண்டும்.

*

இன்னொன்று, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு. தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், லாக் 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் பார்க்க: நேட் லாக் வரிகள் லாக் சர்வருக்கு வருகின்றனவா, நேரம் சரியா. வீடுகளில் நெட் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிடத் தோன்றும். லாக் நின்றது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

*

அண்ணனிடம் மறுபடி உட்கார்ந்தேன். இந்த நோட்டையே காட்டினேன். பிஜிபி, ஆர்எஃப்சி எல்லாம் தள்ளிவிட்டு, மாற்ற முடியாத பாஸ்வேர்டு பற்றிய பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"அப்ப ஆறு வருஷத்துக்கு மேல அதே சாவியா?"

"ஆமாண்ணே."

"நம்ம தெருவுல மொதல்ல பண்ணு. என் வீட்டையும் சேர்த்துக்க. நின்னா எனக்கு மொதல்ல தெரியட்டும்."

*

வாங்க வேண்டியது: ரேடியஸுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர், பழையதே போதும், எஸ்எஸ்டி மட்டும் புதிது. யுபிஎஸ் பேட்டரி சோதனை. வேறு கம்பெனி சிம் ஒன்று, ஒரு மாத ரீசார்ஜோடு. ஓஎல்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலான பேட்ச் கார்டு இரண்டு உபரி. மார்க்கர்.